வாசப்படியில விழுந்த மாவு

வெளக்குமாத்தக் கீழ போடுங்க ஓசேய் சார். மொதல்ல கீழ போடுங்க, அப்புறம் கத்துங்க.

குப்பையா? இதா? ஹோமோவோ பண்டிகை மாவு சார் இது. சோளத்தப் புளிக்க வச்சு, அவிச்சு, செவப்புப் பாமாயில் ஊத்திப் பெசஞ்சது. எங்க பெரியப்பா இப்பத்தான் ஒவ்வொருத்தர் பேராச் சொல்லிச் சொல்லி எறைச்சிட்டு உள்ள போனாரு. செத்தவங்க பங்கு. அக்ராவுல கடை போட்டுக்கிட்டு இது தெரியாதுன்னா எப்பிடி?

நீங்க குமாசி ஊர்க்காரருதான், யாரு இல்லேன்னா? ஆனா இருக்கிறது அக்ராவுல, எங்க ஓசுப் பேட்டையில. முன் ரூம் ஒங்க போன் கடை, பின்னாடி எங்க வீடு. வாசப்படி ரெண்டுக்கும் ஒண்ணுதான். வாசப்படியும் வாடகையில சேத்தின்னு எவன் சொன்னான்? நான் லீகோன் யுனிவர்சிட்டியில சட்டம் படிக்கிறவ, எங்கிட்டயே அளக்காதீங்க. பண்டிகைக்கு முந்தி மேளச் சத்தமே கூடாதுன்னு ஊரு வாயப் பொத்திக்கிட்டுக் கெடந்தப்ப ஒங்க ஸ்பீக்கரு மட்டும் அலறுச்சே, அப்ப நாங்க சண்டைக்கா வந்தோம்?

வழுக்குதா? பாத்து நடக்கச் சொல்லுங்க.

என்னது, போன வருசம் இவ்வளவு கெடக்கலியா?

ம். கெடக்கல. அதுக்கு முந்துன வருசமும் கெடக்கல. நல்லாத்தான் கவனிச்சிருக்கீங்க.

எங்கண்ணன் ஒகாயத் தெரியுமில்ல? ஒங்க போர்டுல எழுத்து எழுதுனவன். ஆமா, அந்த நெட்டையன். லிபியா வரைக்கும் போயி, அங்கேர்ந்து கடல் தாண்டப் படகு ஏறுனான். ரெண்டு வருசத்துக்கு மேல ஆச்சு. ஏறிட்டேன்னு ஒரு போன் வந்துச்சு. அவ்வளவுதான். படகும் இல்ல, ஒடம்பும் இல்ல.

வருசா வருசம் இந்தப் பண்டிகையன்னிக்கு நாங்க பெருசு சிறுசு எல்லாம் ஒரே சட்டியச் சுத்தி ஒக்காந்து கைய விட்டுத் திம்போம் சார். அவன் போனதுலேர்ந்து அவன் ஒக்கார்ற பக்கம் யாரும் கை வைக்க அம்மா விடமாட்டா. மத்த பக்கமெல்லாம் கொறையக் கொறைய, அவன் பக்கத்து மாவு மட்டும் செவுரு மாதிரி நிக்கும். சின்னப் புள்ளைங்ககூட அந்தப் பக்கம் திரும்பாது. அத அப்பிடியே மூடி வச்சு, விடிஞ்சதும் தெறந்து பாப்பா, எங்கயாச்சும் வெரல் பட்டிருக்கான்னு.

சிரிக்காதீங்க. நானும் பாப்பேன்.

இன்னிக்கு நாங்க ஒக்காரவே இல்ல, அதுக்குள்ள அம்மா ஒரு கை அள்ளிப் பெரியப்பாகிட்ட நீட்டுனா. கடேசியா அவன் பேரையும் சொல்லிருங்கன்னா. அவரும் சொல்லிட்டாரு. அந்தா, ஒங்க செருப்புக்குக் கிட்ட தனியா விழுந்திருக்கே, அதுதான். சாட்சி கெடையாது, ஒண்ணு கெடையாது. என்னய ஒரு வார்த்தை கேக்கல. ஒகாய் செத்துட்டானாம்.

தள்ளுங்க சார், அத நான் கையால அள்ளி அவனுக்கு எடுத்து வச்சுக்கிறேன். செத்தவங்க பங்கத் திருப்பி எடுக்கக் கூடாதுன்னு எனக்கும் தெரியும். இங்க யாரு செத்தா?

மெதுவா. அம்மா காதுல விழுந்துரும். அவன் எப்பவும் பசியோடதான் வருவான்.