வேலைநிறுத்தத்தில் கிடைத்த படுக்கை

கூலிப் போராட்டம் முடிந்த மறுநாள். திருவையாறு பஸ்ஸில் என் முன்சீட்டில் நடவுக்குப் போகும் பெண்கள் இருவர்.

"ஸ்ட்ரைக்கு இன்னும் ரெண்டு நாள் நீடிச்சிருக்கலாம்க்கா," என்றாள் இளையவள்.

"அடுப்பு எரியாம கெடந்தது பத்தலையா ஒனக்கு?"

"வீட்டுக்குத் தூரமாயிருந்தேன்க்கா. மொத தடவையா படுத்துக் கெடக்க முடிஞ்சுது. மத்த மாசமெல்லாம் பல்லைக் கடிச்சுக்கிட்டுல்ல நாத்து நடுறேன்."

"மாசாமாசமா? வெளிக்கிப் போனாலும் வலிக்குதா?"

"உசுரே போவும். ஏன்க்கா?"

"எங்க நாத்தனாருக்கும் இப்படித்தான். கர்ப்பப்பைக்குள்ள இருக்குற சவ்வு மாதிரியே வெளியிலயும் வளந்திருக்குன்னு, வயித்தைத் தொறந்து பாத்துட்டு டாக்டரம்மா சொன்னாங்க. வேலைக்குப் போவ முடியாத வலின்னா ஆஸ்பத்திரிக்கு வந்துடணுமாம். கூலிக்குக் கொடி புடிச்சவ, இதை ஏன்டி யாருகிட்டயும் சொல்லல?"

இளையவள் அவள் பக்கம் திரும்பினாள்.

"அப்ப, ஒங்களுக்கெல்லாம் இப்படி வலிக்காதாக்கா?"