பதினாலாம் நம்பர் பூஞ்ச இல்ல

இல்ல சார், லியாந்த்ரோ குடிச்சிட்டு அடிக்கல. அப்படி எழுதாதீங்க. நல்ல தெளிவோடதான் அடிச்சாரு. திராட்சக் கொடி வெட்டுற கத்திரியத் திருப்பிப் பிடிச்சு எங்கப்பா வாயிலயே போட்டாரு. மூணு பல்லு. ரெண்டு எச்சித் தொட்டியில விழுந்துச்சு. ஆமா, ருசி பாத்துட்டுத் துப்புற தொட்டி. எது ஒயின், எது ரத்தம்னே தெரியல.

நானா? அங்கதான் நின்னேன். படிப்ப விட்டதுலேர்ந்து அங்க கிளாஸ் கழுவுறேன். தடுக்கல. பொய் சொல்லி என்ன ஆகப் போகுது?

பகையெல்லாம் கெடையாது. ஒயின் போட்டின்னா பாட்டில துணி சுத்தி நம்பர் போட்டுத்தான் வைப்பாங்க, யாரு சரக்குன்னு அப்பாவுக்கே தெரியாது. ஆனா நடுவருங்களுக்கு அவருதான் தலைமை. அஞ்சு பேரு மோந்தாலும் எங்கப்பா எவாரிஸ்தோ பூஞ்ச நாத்தம்னா அது பூஞ்சதான். பதினாலுக்கு அப்படி எழுதிக் கழிச்சாரு. துணிய அவுத்தா லியாந்த்ரோவோடது. ஆறு வருஷம் பீப்பாயில வச்சுக் காத்துக் கெடந்த மனுசன். நாளைக்கு அந்த ஒயின் அத்தனையும் சாராயம் காய்ச்சப் போயிரும். ஒன்பதாம் நம்பர் கிளாஸ கழுவுறப்போ எனக்கே ஈரச் சாக்கு நாத்தம் கொமட்டுச்சு. அந்தப் பூஞ்சைக்கு முதலிடம்! யாருக்குத்தான் கத்திரி கையில ஏறாது?

லஞ்சமா? போங்க சார். எங்கப்பாவுக்கு எதுவுமே மணக்காது. மூக்கு போயி மூணு மாசமாச்சு. பக்கத்துல உக்கார்ற ரொமுவால்தோ மூஞ்சியப் பாத்துப் பாத்துத்தான் மார்க்கு போட்டாரு. அந்தாளு மூக்கச் சுளிச்சா இவரும் கழிப்பாரு. இன்னிக்கு நடுவுல பலகை வச்சு மறைச்சிட்டாங்க. குருட்டாம்போக்குல போட்டுத் தொலைச்சிட்டாரு. அந்தப் பதினால மறுபடி ருசி பாக்கச் சொல்லுங்க, அவ்ளோதான் கேக்குறேன்.

எப்படிப் போச்சுன்னா... சூப்புல உப்பு கூடிருச்சாம். அம்மா கழுத்த ரெண்டு கையாலயும் நெரிச்சாரு. அம்மா கால் தரையில ஒதைச்சுக்கிட்டே இருந்துச்சு, அப்புறம் ஒதைக்கல. மேஜையில நெறஞ்ச பாட்டில் ஒண்ணு இருந்துச்சு. எடுத்து அவரு பின்மண்டையில ஒரே போடு போட்டேன். பாட்டில் உடையல.

அம்மா பொழைச்சுக்கிச்சு. இவரு எந்திரிச்சதும் என்னைய அடிக்க வரல சார். கார்க்கப் பிடுங்கி மோந்து பாத்தாரு. மறுபடி மோந்தாரு. என்னையக் காட்டிக் குடுத்தா மூக்கு போனது ஊருக்கே தெரிஞ்சிரும்ல, அதான் இன்னிக்கு வரைக்கும் வாயத் தொறக்கல.

என் பேருல ரெண்டு ‘எல்’ வரும். வாக்குமூலத்துல பாத்து எழுதுங்க.