இடது ஓரத்தில் ஒரு மூடி

ஜெர்ஸியைச் சுடுதண்ணீரில் துவைக்கக் கூடாது. முதுகில் ஒட்டியிருக்கும் எண் உரிந்து வந்துவிடும். எங்கள் கால்பந்து அணியின் இருபது ஜெர்ஸிகளையும் பதினோரு ஆண்டுகளாக நான்தான் துவைத்தேன். வெளியே சலவைக்குப் போட்டால் கட்டுப்படியாகாது. அடையாள அட்டையில் மேலாளர் என்று இருந்தாலும், பஸ் பேசுவது, மைதானத்துக்கு வாடகை கட்டுவது, ஆட்டத்துக்கு முன்பு சுண்ணாம்புக் கோடு போடுவது எல்லாம் என் தலையில்தான். எனக்குச் சம்பளம் கிடையாது. அதை முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள் இன்ஸ்பெக்டர் மேடம்.

ஆடுகிற பெண்களுக்கும் பெரிதாக ஒன்றும் கிடையாது. ஓர் ஆட்டத்துக்கு இவ்வளவு என்று கொடுப்போம். போக்குவரத்துக்கும் முட்டைக்கும் சரியாகப் போய்விடும். எல்லோரும் பகலில் வேறு வேலை பார்ப்பவர்கள். கோல்கீப்பர் ஒரு நர்ஸ். இடது ஓரத்தில் ஓடுகிறவள் சூப்பர் மார்க்கெட்டில் பில் போடுகிறாள். இருபத்திரண்டு வயது. யார் கைக்கும் அகப்படமாட்டாள் என்பதால் அவளுக்குக் கொசு என்று பெயர் வைத்திருந்தோம்.

போன ஆண்டு கோல்கீப்பர் கம்பத்தில் மோதித் தோள்பட்டையை முறித்துக்கொண்டாள். அது நிஜமாகவே விபத்து. யாரோ எடுத்த வீடியோ எங்கெங்கோ சுற்றியது. முகம் தெரியாதவர்கள் பணம் அனுப்பினார்கள். வைத்தியம் போக மீந்ததில் அந்த சீசனை ஓட்டினோம். அவளே ஒருநாள் பஸ்ஸில் சொன்னாள்: “என் எலும்புலதான் இந்த வண்டி ஓடுது, பாத்துக்கங்க.” எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் மட்டும் அதை யோசித்துக்கொண்டு வந்தேன்.

எங்களுக்கு ஸ்பான்சராக இருந்த டயர் கடை முதலாளி இந்த ஆண்டு கைவிரித்துவிட்டார். “உங்க பொண்ணுங்க நல்லாத்தான் ஆடுறாங்கம்மா, இல்லேங்கல. ஆனா பாக்க யாரு வர்றா?” என்றார். பதினைந்தாம் தேதிக்குள் கட்டணம் வராவிட்டால் அணியை நீக்கிவிடுவதாக லீக்கிலிருந்து கடிதம் வந்தது. ஏறாத படி இல்லை. டீ கொடுத்தார்கள், பணம் கொடுக்கவில்லை.

கொசுவை நான் அவசரப்பட்டுத் தேர்ந்தெடுக்கவில்லை. கோல்கீப்பருக்கு ஒருமுறை ஆகிவிட்டது. மறுபடியும் அவள் என்றால் அது நியாயமில்லை. நடுவில் ஆடும் இருவருக்கும் கைக்குழந்தை இருக்கிறது. கொசுவுக்கு உட்கார்ந்து பார்க்கும் வேலை. கால் சரியில்லாவிட்டாலும் சமாளிக்கலாம். போட்டோவிலும் முகம் நன்றாக விழும்.

மைதானத்தின் இடது கோட்டை ஒட்டித் தண்ணீர்க் குழாய்க்கான குழி ஒன்று உண்டு. முழங்கால் ஆழம். அதற்கு ஓர் இரும்பு மூடி, மேலே ஒரு துண்டு செயற்கைப் புல். லீக் தொடங்கும் முன் ஆடிய ஒரு நட்பு ஆட்டத்தின் இடைவேளையில் பாட்டில்களை எடுத்துவரப் போனபோது மூடியை நகர்த்திவிட்டுப் புல்லை மட்டும் திரும்பப் போட்டேன். அரை நிமிட வேலை.

அதற்குப் பிறகு வந்த இருபது நிமிடங்கள்தான் என் வாழ்க்கையிலேயே நீளமானவை. எதிரணிப் பெண் ஒருத்தி இரண்டு முறை அந்தப் பக்கம் வந்தாள். ஒரு தடவை அவள் பூட்ஸ் புல்லின் விளிம்பை உரசியது. அவள் விழுந்தால் நிதி அவர்கள் அணிக்கல்லவா போகும்.

கொசுவோ அன்றைக்கென்று உள்பக்கமாகவே வெட்டி வெட்டி ஓடினாள். நான் கோட்டருகே போய் நின்றேன்.

“கொசு, ஏன் உள்ள போற. ஓரத்தப் புடிச்சு ஓடு.”

“சரிக்கா” என்று கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். அடுத்த பந்திலேயே ஓரத்துக்கு வந்துவிட்டாள். சொன்னால் கேட்கிற பெண்.

கால் குழிக்குள் போனபோது சத்தம் அதிகமில்லை. எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்திருந்தது. அந்த அளவுக்கு நான் நினைக்கவில்லை. மிஞ்சினால் ஒரு மாவுக்கட்டு என்றுதான் இருந்தேன். ஆம்புலன்ஸில் அவள் என் கையை விடவே இல்லை. “கீழ பாக்காம ஓடிட்டேன்க்கா. என்னால மேட்ச் போச்சு” என்று அழுதாள். தலையைத் தடவிக்கொடுத்தேன்.

உதவி கேட்கும் அறிக்கை அன்று மாலையே எல்லோருக்கும் போய்விட்டது. அதை இரண்டு நாள் முன்பே எழுதிவைத்திருந்ததை என் கணினியில் நீங்களே பார்த்துவிட்டீர்கள். எந்த எலும்பு என்பதற்கு மட்டும் இடம் விட்டிருந்தேன்.

நான்கு நாளில் வந்தது போன தடவை வந்ததில் பாதிகூட இல்லை. ஜனங்களுக்கும் எத்தனை முறைதான் மனம் இளகும். மருத்துவமனையில் புண்ணைக் கழுவிக் கட்டுப் போட்டிருந்தார்கள். உள்ளே தகடு வைக்க முன்பணம் கேட்டார்கள். லீக்குக்கு மறுநாள் கடைசித் தேதி. இரண்டுக்கும் போதாது. ஆபரேஷனைத் தள்ளிப்போடலாம், லீக் தேதியைத் தள்ளிப்போட முடியாது. லீக்குக்குக் கட்டினேன்.

ஏழாம் நாள் கோல்கீப்பர் கொசுவைப் பார்க்க வந்தாள். வராந்தாவில் என்னை மறித்தாள்.

“அக்கா, கட்டுக்குள்ளேருந்து வாடை வருது. வெரல் எல்லாம் கறுத்துப்போச்சு. பணம் என்னாச்சு?”

“வந்துக்கிட்டிருக்கு.”

“இதுவரைக்கும் எவ்வளவு வந்திருக்கு?”

“கொஞ்சம் பொறும்மா.”

அவள் போனை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள். உங்களிடம் புகார் கொடுத்தது அவள்தான் என்று எனக்குத் தெரியும். அவள்மேல் எனக்குக் கோபமில்லை. நர்ஸ் வேலையில் இருப்பவர்களுக்கு எதிரே கிடக்கும் ஓர் உடம்புதான் கண்ணில் படும். நான் இருபது பேரைப் பார்க்க வேண்டியிருந்தது.

ஒன்பதாம் நாள் முழங்காலுக்குக் கீழே கொசுவின் காலை எடுத்துவிட்டார்கள். அதற்கான செலவுக்கு அவள் அம்மா நகையை விற்றார். “நீங்க கூட இருக்கீங்கங்கற தைரியம்தாம்மா எனக்கு” என்று என் தோளில் சாய்ந்துகொண்டார்.

ஆமாம் மேடம். மூடியை நகர்த்தியது நான். ஓரமாக ஓடச் சொன்னது நான். காலுக்கு வந்த பணத்தை லீக்குக்குக் கட்டியதும் நான்தான். ஆனால் அணி பிழைத்துவிட்டது, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை லீக்கில் முதல் ஆட்டம். கொசுவும் சக்கர நாற்காலியில் வருவதாகச் சொல்லியிருந்தாள்; நான் செய்த விஷயம் இன்னும் அவள் காதுக்குப் போகவில்லை. அவளிடம் டிக்கெட்டுக்குக் காசு வாங்கக் கூடாது என்று வாசலில் கண்டிப்பாகச் சொல்லிவைத்திருக்கிறேன்.