மாற்றி வைத்துப் பார்த்தல்

டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல். பரவாயில்லை, சூடாக இருக்கிறது. என் தங்கை போடும் டீ இப்படி இருக்காது. இப்போது அவளால் டீ போட முடியாது. அதைப் பற்றித்தானே கேட்கிறீர்கள், சொல்கிறேன். மறைக்க எனக்கு என்ன இருக்கிறது.

எனக்கும் அவளுக்கும் ஒரே பதிப்பகத்தில் அகராதி வேலை. ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு ஈடான தமிழ்ச் சொற்களையெல்லாம் தேடி ஓரிடத்தில் சேர்க்க வேண்டும். மேசைக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். அம்மா அப்பா போன பிறகு வீட்டிலும் நாங்கள் இரண்டு பேர்தான். எனக்குக் கல்யாணம் அமையவில்லை. அவளுக்கு வந்ததை நான் அமையவிடவில்லை என்று எங்கள் பதிப்பகத்துப் பைண்டர் உங்களிடம் சொல்லியிருப்பார். அவர் அப்படித்தான் பேசுவார். எங்களை நகமும் சதையும் என்பார்கள் அலுவலகத்தில். "அப்போ நீங்கதான் நகம்ணா. வெட்ட வெட்ட வளருவீங்க" என்று அவள் கிண்டல் செய்வாள்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. இரண்டு சொல்லுக்கும் ஒரே பொருளா என்று சந்தேகம் வந்தால், வாக்கியத்தில் ஒன்றை எடுத்துவிட்டு மற்றதை அந்த இடத்தில் வைத்துப் பார்ப்போம். வாக்கியம் தடுக்காமல் ஓடினால் இரண்டும் ஒரே கூட்டம். சின்ன வேலைதான், ஆனால் பழகிவிட்டால் எதைப் பார்த்தாலும் அப்படியே செய்யத் தோன்றும்.

அன்றைக்கு எங்களுக்கு வந்த சொல் 'காலிகேட்'. அதிகம் யாரும் புழங்காத வினைச்சொல். சிதறிக் கிடப்பதை ஒன்றாகச் சேர்ப்பது என்று பொருள். தொகு, திரட்டு, கோர், ஒருங்கிணை என்று எழுதிக்கொண்டே வந்தோம். நான் 'பிணை' என்றேன்.

"அது வேண்டாம்ணா."

"ஏன்?"

"சேர்ந்திருக்கிறது வேற, கட்டிப்போடுறது வேற."

சொல்லிவிட்டுப் பேனாவை மூடினாள். "ஒண்ணு சொல்லணும், கோவிச்சுக்கக் கூடாது. நானும் பைண்டரும் கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருக்கோம்."

பைண்டர் கீழ்த்தளத்தில் புத்தகம் கட்டுபவர். மனைவியை இழந்தவர். எப்போதும் பசை வாடை அடிக்கும்.

"இந்த வயசுலயா?" என்றேன்.

"இந்த வயசுலயாவது" என்றாள்.

சத்தமில்லாத வீட்டில் நான் மட்டும் ஒரு தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது கண்ணுக்கு முன்னால் வந்தது. பயந்தேன் சார், வேறு எப்படிச் சொல்வது. ஆனாலும் "நல்லதும்மா" என்றுதான் சொன்னேன். கோபப்படவே இல்லை, அதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

அவளுக்கு நாள்பட்ட ரத்த அழுத்தம். மாத்திரை போட மறந்துவிடுவாள். அதனால் கிழமைக்கு ஓர் அறை வைத்த டப்பாவில் நான்தான் நிரப்பி வைப்பேன். என்னுடைய சத்து மாத்திரையும் அதே வெள்ளை, அதே அளவு. ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்துவிட்டு இதை வைத்துப் பார்த்தேன். ஒன்றும் தடுக்கவில்லை. அவள் தண்ணீர் குடித்துவிட்டு வழக்கம்போல வேலைக்கு வந்தாள். அடுத்த வாரமும் அப்படியே வைத்தேன். குழம்பில் உப்பைக் கொஞ்சம் தாராளமாகப் போட்டேன்.

கெடுதல் நினைத்துச் செய்யவில்லை. தலை சுற்றும், கல்யாணத் தேதி தள்ளிப்போகும், அவ்வளவுதான் என் கணக்கு. ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்பார்களே, அந்த மாதிரி தள்ளிப்போனால் தானாகவே ஆறிவிடும் என்று இருந்தேன்.

அவளும் சொன்னாள். "தலை பாரமா இருக்குண்ணா. டாக்டர்கிட்ட போலாமா?"

"கல்யாணப் பரபரப்புதான். மாத்திரைய ஒழுங்கா போடு, சரியாயிடும்."

"நீங்க குடுக்கிறதைத்தானே போடுறேன்" என்றாள். தண்ணீரை நானே எடுத்துக் கொடுத்தேன்.

நிறுத்தியிருக்கலாமே என்கிறீர்கள். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் டப்பாவைத் திறக்கும்போது நானும் அதையேதான் நினைத்தேன். கை கேட்கவில்லை.

மேசையில் எனக்கு எதிரிலேயே சாய்ந்தாள். வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் நான் அழுதது நடிப்பில்லை, நர்ஸைக் கேட்டுப் பாருங்கள். வீட்டுக்கு அனுப்பும்போது மருந்து வாங்கப் பைண்டர் போனார். "என்ன சார், அந்த அம்மாவுக்கு பிரஷர் சரியாயிடுச்சா? மாத்திரையே வாங்கக் காணோமே?" என்று கடைக்காரர் கேட்டிருக்கிறார். அதில்தான் எல்லாம் வெளியே வந்தது. ஆமாம், நான்தான் மாற்றினேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் ஒன்று. இப்போது அவளை நான் எப்படிப் பார்த்துக்கொள்கிறேன் என்பதையும் எழுத வேண்டும். ஊட்டிவிடுகிறேன், துடைத்துவிடுகிறேன், மாத்திரை ஒரு வேளைகூடத் தவறுவதில்லை. பைண்டரை வரவேண்டாம் என்றுவிட்டேன். அவரைப் பார்த்தால் அவளுக்கு அழுகை வருகிறது, உடம்புக்கு ஆகாது.

ஆயிரக்கணக்கான சொல் தெரிந்தவளுக்கு இப்போது ஒரே ஒரு சொல்தான் வருகிறது. 'விடு.' காலையில் கண் விழித்ததும் அதைத்தான் சொல்கிறாள். டாக்டர் அதற்கு ஏதோ ஒரு அர்த்தம் சொன்னார். அவருக்குத் தெரியாது, இது என் தொழில். வைத்துப் பார்த்தேன். கஞ்சிக் கிண்ணத்தோடு போனால் 'பசிக்குது'. ஜன்னலைப் பார்த்துச் சொன்னால் 'வெயில் அடிக்குது'. நான் கையைப் பிடித்துக்கொண்டால் விடாமல் சொல்கிறாள், அது பாசம்.

காலையில் உங்கள் கான்ஸ்டபிள் என்னைக் கூட்டிவர வந்தபோதும் அவள் சொன்னாள். அவர் காதிலும் விழுந்தது, தப்பாக எடுத்துக்கொண்டிருப்பார். 'சீக்கிரம் வந்துடுங்கண்ணா' என்று அர்த்தம். முடித்துவிட்டீர்களென்றால் கிளம்புகிறேன் சார், அவள் என்னைத் தேடுவாள்.