பால்மா டின்னில் கிரீஸ்

மடியில் குழந்தையோடு ஹட்டனிலிருந்து நோர்வூட் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். முன் சீட்டில் தேயிலைத் தொழிற்சாலை மெக்கானிக் ஒருவரும், அவரோடு வேலை செய்யும் தாடிக்காரர் ஒருவரும் இருந்தார்கள். மெக்கானிக் ஒரு பால்மா டின்னைத் திறந்து காட்டினார்.

"இது என்னான்னு சொல்லு பாப்போம்."

"கஞ்சிங்களாண்ணே?"

"கிரீஸு. பழைய ரகத்துல பாதி, இப்ப வந்த புது ரகத்துல பாதி. தனித்தனியா ரெண்டும் வெண்ண மாதிரி கெட்டி. கலந்து ரெண்டு நாளு அடுப்புப் பக்கம் வச்சேன்."

டின்னைச் சாய்த்தார். உள்ளே இருந்தது தண்ணீர் போல ஓடியது. என்னால் கண்ணை எடுக்க முடியவில்லை.

"ரெண்டுமே நல்ல சாமான்தான். சேந்துச்சுன்னா ரெண்டுமே இல்ல."

தாடிக்காரர் மெக்கானிக் பக்கம் திரும்பினார்.

"அண்ணே, பெரிய ஃபேன் பேரிங்ல நேத்து பழசு மேலயே புதுச அடைச்சுட்டேன்."

"அடப்பாவி. சூடேறினா பூரா வடிஞ்சிரும்டா. பேரிங் காஞ்சு இறுகிரும். ஃபேன் காத்து நின்னா மாடியில வாடப் போட்டிருக்குற கொழுந்தெல்லாம் பாழு. எத்தன மணிக்கு ஓட்டுறாங்க?"

"பத்துக்கு."

"இப்ப ஒம்பதே முக்கா. குறுக்கால ஓடு. சுவிட்ச தொட விடாத. பழச முழுசா வழிச்சு, மண்ணெண்ணெயில கழுவித் தொடச்சிட்டுதான் புதுசு வைக்கணும்."

வளைவில் பஸ் மெதுவானதும் தாடிக்காரர் குதித்து, தேயிலைச் செடிகளுக்கு நடுவே, கீழே தெரிந்த தொழிற்சாலையை நோக்கி இறங்கி ஓடினார்.

மாலையில் திரும்பி வரும்போது, அந்தத் தொழிற்சாலையிலிருந்து ஃபேனின் இரைச்சல் சீராகக் கேட்டது.

வீட்டில், டின்னின் அடியில் மிச்சமிருந்த பழைய பால்மாவின் மேல் புதியதைக் கொட்டப் போனேன். இதற்கும் அப்படித்தானா என்று தெரியவில்லை. டின்னைக் கழுவிக் காயவைத்தேன். காயும்வரை குழந்தை பாலுக்கு அழுதது.