பதினேழாம் புள்ளி

பகல் இரண்டு நாற்பது. தாடிக்கொம்பைத் தாண்டி அகரத்துக்குப் பிரிகிற ரோடு. மே மாத வெயில். ரோட்டில் ஒரு நாய்கூட இல்லை...

யாரது சிரிக்கிறது? ராத்திரிக் கதையில் பகலுக்கு என்ன வேலை என்றா? பேய் இருட்டினால்தான் வரும் என்று உங்களுக்கு யார் சொன்னது? உச்சிப் பொழுதில் தனியாகப் போகாதே என்று வீட்டில் சொல்கிறார்களே, அது வெயிலுக்காக மட்டும் இல்லை. மண்டபத்தில் பாதிப்பேர் தூங்குகிறார்கள், விடிந்தால் முகூர்த்தம். இப்படி நெருங்கி உட்காருங்கள். நடுவில் யாரும் கத்தக் கூடாது.

இது நம் நாகஜோதியின் சின்னம்மா மகள் பானுப்ரியாவுக்குப் போன மே மாதம் நடந்தது. நாகஜோதிக்குப் பொய் சொல்ல வராது. சொன்னாலும் இவ்வளவு கோவையாக வராது.

பானுப்ரியா ஸ்கூட்டரில் தனியாக வந்துகொண்டிருந்தாள். இரண்டு பக்கமும் காய்ந்த சோளத்தட்டை. காற்றே இல்லை. திடீரென்று ஒரு வாசம்... டீசல். நனைந்த கயிறு. துருப்பிடித்த இரும்பு. அவள் வண்டியை நிறுத்தினாள். அந்த வாசம் அவளுக்குத் தெரியும். கப்பலின் மேல்தளத்தில் அடிக்கிற வாசம். அந்த இடத்திலிருந்து கடலுக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும்.

அப்புறம் சத்தம். க்ர்ர்ர்ர்... டக். க்ர்ர்ர்ர்... டக்.

இரும்புக் கம்பி இறங்குகிற சத்தம். முன்னாலா பின்னாலா, தெரியவில்லை. போனில் மணி பார்த்தாள். இரண்டு நாற்பது. அதன் பிறகு அவள் எதையும் பார்க்கவில்லை. வண்டியை விரட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து சேர்ந்தாள்.

பானுப்ரியா செய்வது கடல் ஆராய்ச்சி. அகரத்தில் கத்தரிக்காயும் பூவும் போடுகிற வீட்டில் பிறந்து கடலைப் படிக்கப் போனவள். "குடிக்கத் தண்ணியில்லாத ஊருல பொறந்துட்டு கடல என்னத்தடி படிக்கப் போற?" என்று ஊரே கேட்டது. அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒன்றை முடிவு செய்துவிட்டால் யார் சொன்னாலும் கேட்கிற ரகம் இல்லை அவள். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

அதற்கு முந்தின கார்த்திகையில் இருபது நாள் ஆராய்ச்சிக் கப்பலில் போயிருந்தாள். வங்காள விரிகுடாவில் கப்பல் நேர்கோட்டில் போகும். குறித்து வைத்த இடங்களில் நிற்கும். நிற்கிற இடம் ஒவ்வொன்றும் ஒரு புள்ளி. மொத்தம் இருபத்துநான்கு. ஒவ்வொரு புள்ளியிலும் வின்ச் என்கிற பாரம் இறக்கும் எந்திரத்தின் கம்பியில் ஒரு கருவியைக் கட்டிக் கடலுக்குள் இறக்குவார்கள். எந்த ஆழத்தில் எவ்வளவு சூடு, எவ்வளவு உப்பு என்று அது அளந்துகொண்டே போகும். அளந்ததெல்லாம் கம்பி வழியாகவே மேலே கம்ப்யூட்டருக்கு வந்துவிடும். ஊருக்குத் திரும்பியபின் அந்த எண்களை ‘ஆர்’ என்கிற புள்ளியியல் மென்பொருளில் கொடுத்தால் ஒரு படம் வரும். கடலை மேலிருந்து அடிவரை கத்தியால் வெட்டி, வெட்டுவாயைக் காட்டுகிற மாதிரி. மேலே சிவப்பு, கீழே போகப் போக நீலம்.

வின்ச்சை இயக்கியவர் ரஃபி. திண்டுக்கல் பேகம்பூர்க்காரர். அவ்வளவு பெரிய கப்பலில் திண்டுக்கல் ஆட்கள் இவர்கள் இரண்டே பேர்.

"நம்மூருல குழாயத் தொறந்தா காத்துதான் வரும். இங்க பாரு தங்கச்சி, இம்புட்டுத் தண்ணியும் வச்சுக்கிட்டு ஒரு வாய் குடிக்க முடியல," என்று சொல்லிச் சிரிப்பாராம்.

பதினேழாம் புள்ளியில் கடல் கொந்தளித்தது. மழை வேறு. அன்றைக்கு பானுப்ரியாவின் முறை. கருவி இறங்கும்போது வின்ச் பக்கத்தில் நின்று நேரத்தையும் ஆழத்தையும் தாளில் எழுத வேண்டும். அவளுக்கோ விடாத வாந்தி. நிற்க முடியவில்லை. "நீ போய்ப் படு தங்கச்சி. அதையும் நானே பாத்துக்கிறேன்," என்றார் ரஃபி. கருவி இறங்குவதற்கு முன்பே அவள் போய்ப் படுத்துவிட்டாள். சைரன் அலறி எழுந்து வந்தபோது... மேல்தளத்தில் வின்ச் இருந்தது. ரஃபி இல்லை. உடலும் கிடைக்கவில்லை.

அறிக்கை எழுதியவர் அந்தப் பயணத்தின் தலைவர் ஈஸ்வரன். பானுப்ரியாவின் பேராசிரியரும் அவர்தான். என்ன எழுதினார் தெரியுமா? கடல் மோசமானதால் பகல் இரண்டு மணிக்கே வேலை நிறுத்தப்பட்டது. பதினேழாம் புள்ளியில் கருவி இறக்கப்படவே இல்லை. ரஃபி யாரிடமும் சொல்லாமல் மேலே போய்த் தானாகவே குதித்துவிட்டார்.

தானாகவே. அந்த ஒரு சொல்லால் பேகம்பூரில் ஒரு தாய் ஆறு மாதமாக வீட்டு வாசலைத் தாண்டவில்லை. பானுப்ரியா அன்றைக்குப் போய்விட்டு வந்தது அந்த வீட்டுக்குத்தான். போகலாம் போகலாம் என்று தள்ளிப்போட்டு, ஆறு மாதம் கழித்து அன்றைக்குத்தான் தைரியம் வந்தது. ரஃபியின் அம்மா பக்ருன்னிசா அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

"அல்லா குடுத்த உசுர எம்புள்ள தானாப் போக்கிக்க மாட்டாம்மா. நீ கூட இருந்தவதான... நீ சொல்லு."

அவள் என்ன சொல்வாள்? அவள்தான் தூங்கிக்கொண்டிருந்தாளே. கையை விடுவித்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டாள். திரும்புகிற வழியில்தான் அந்தச் சத்தம்.

வீட்டில் முகத்தைக் கழுவிவிட்டுக் கம்ப்யூட்டரைத் திறந்தாள். மறுநாள் பேராசிரியருக்குப் படம் காட்ட வேண்டும். வேலை செய்தால் நடுக்கம் போய்விடும் என்று நினைத்தாள். கப்பல் தரவுகளில் பதினேழு என்று ஒரு சின்னக் கோப்பு இருந்தது. அறுபத்திரண்டு மீட்டர் ஆழம் வரைக்கும்தான் எண்கள்; தொடங்கிய நேரம் 9:10. அது என்னவென்று பேராசிரியரிடம் முன்பே கேட்டிருந்தாள். "காலையில சும்மா டெஸ்டுக்கு இறக்கினது. குப்பை. எடுத்துடு," என்று சொல்லியிருந்தார். எடுத்தால் யாருக்கும் தெரியாது. நடுவில் ஒரு புள்ளி இல்லாவிட்டால் அந்த மென்பொருள் அக்கம்பக்கத்து எண்களைப் பார்த்துத் தானே வண்ணம் பூசிவிடும். ஒரு மனிதர் விழுந்த இடம் வழவழவென்று நீலமாகிவிடும்.

பதினேழை எடுத்துவிட்டு நிரலை ஓட்டினாள். படம் வந்தது. பதினாறுக்கும் பதினெட்டுக்கும் நடுவில், மேலிருந்து அடிவரை... வெள்ளையாக ஒரு கோடு.

எங்கேயோ பிழை என்று நினைத்தாள். வரி வரியாகச் சரிபார்த்து மறுபடி ஓட்டினாள். கோடு ஒரு விரல் அகலம். மறுபடி ஓட்டினாள். உள்ளங்கை அகலம்.

அறைக்குள் டீசல் வாசம்.

க்ர்ர்ர்ர்... டக்.

அடுப்படியிலிருந்து அவள் அம்மா கண்ணம்மாள் குரல் கொடுத்தார். "ஏண்டி, யாரு மோட்டாரு போட்டது? த்ரீ பேஸ் கரண்டு சாயந்தரந்தான வரும்?"

அம்மாவுக்கும் கேட்டிருக்கிறது! அதுவரை வெயில் படுத்துகிற பாடு என்று மனசைச் சமாதானம் செய்து வைத்திருந்தாள். இப்போது அதுவும் போயிற்று.

பதினேழைத் திரும்பச் சேர்த்து ஓட்டினாள். அறுபத்திரண்டு மீட்டரோடு நிற்க வேண்டிய பட்டை கடலின் அடிவரைக்கும் போய் நின்றது. கோப்பைத் திறந்து பார்த்தாள். அறுபத்திரண்டுக்குக் கீழே புதிதாக வரிகள். நாளுக்கு ஒரு வரி. ரஃபி போன மறுநாளிலிருந்து ஆறு மாதம். ஒவ்வொரு நாளும் ஆழம் கூடிக்கொண்டே போய்... கடைசி வரியில் இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம் மீட்டர். தேதி, அன்றைய தேதி. நேரம் எல்லா வரியிலும் ஒன்றுதான். 9:10. கருவியோ சென்னையில் ஒரு கொட்டகையில் பூட்டிக் கிடக்கிறது.

ஒன்பது பத்து... அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கப்பல் கருவிகள் எல்லாம் லண்டன் நேரம் காட்டும். ஐந்தரை மணி நேரம் கூட்டினால்தான் நம் நேரம். கடல் படிக்கிற பிள்ளைக்கு முதல் நாளே சொல்லித் தருவது இது. பேராசிரியர் காலை என்றார், அவளும் காலை என்று நம்பிவிட்டாள். கூட்டிப் பார்த்தாள். இரண்டு நாற்பது.

அப்படியென்றால் வேலை நிற்கவில்லை. கருவி இறங்கியிருக்கிறது. ரஃபி குதிக்கப் போகவில்லை, வேலை செய்துகொண்டிருந்தார். அவளுடைய வேலையையும் சேர்த்து.

க்ர்ர்ர்ர்... டக். சத்தம் இப்போது நாற்காலிக்குப் பின்னால் வந்துவிட்டது.

பயம்தான். ஆனால் பயத்துக்கு மேலே கோபம் வந்தது. பேராசிரியர் மேல், தன் மேல், அந்தக் குப்பை என்கிற சொல்லின் மேல். நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, வெறும் சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

"அண்ணே, என்னைய மிரட்டாதீங்க. அன்னைக்குப் படுத்தேன். இன்னிமே படுக்க மாட்டேன். நிறுத்துங்க."

சத்தம் நின்றது. சொன்னதும் நின்றதுதான் இன்னும் பயமாக இருந்தது என்று நாகஜோதியிடம் சொல்லியிருக்கிறாள்.

மறுநாள் இரண்டரை மணிக்குப் பேராசிரியர் வீடியோவில் வந்தார். சென்னையில், ஒன்பதாம் மாடியில், குளிரூட்டிய அறை. பானுப்ரியா படத்தைக் காட்டினாள். பக்கத்தில் அவளுடைய போன் எல்லாவற்றையும் பதிவு செய்துகொண்டிருந்தது.

"பதினேழை எடுக்கச் சொன்னேனே?"

"எடுக்க மாட்டேன் சார். ஒம்பது பத்துங்கிறது லண்டன் நேரம். நமக்கு ரெண்டு நாப்பது. ரெண்டு மணிக்கே வேலைய நிறுத்திட்டோம்னு எழுதியிருக்கீங்க. அப்ப யாரு சார் எறக்கச் சொன்னது?"

அவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். அப்புறம் சிரித்தார். "பானு, இது உன்னோட அஞ்சு வருஷப் படிப்பு. என் கையெழுத்து இல்லாம உனக்குப் பட்டம் கிடையாது. நல்லா யோசிச்சுக்கோ."

"யோசிச்சுட்டேன் சார். கையெழுத்த நீங்களே வச்சுக்கங்க. பதினேழு இருக்கும்."

மணி இரண்டு நாற்பது.

அன்றைக்கு அகரத்து வீட்டில் சத்தம் இல்லை. ஸ்பீக்கரில் வந்தது. அவருடைய அறையிலிருந்து. க்ர்ர்ர்ர்... டக். பேராசிரியர் தலையைத் தூக்கினார். கதவைப் பார்த்தார். க்ர்ர்ர்ர்... க்ர்ர்ர்ர்ர்... நடுவில் வருகிற டக் இப்போது இல்லை. கம்பி பிடி இல்லாமல் ஓடுகிற சத்தம். அறையின் மூலையில், கேமராவுக்குத் தெரியாத இடத்தில் எதையோ பார்த்தார். நாற்காலி சாய எழுந்து அலறினார்.

"ரஃபி! போதும், நிறுத்து! கையை எடுடா... கம்பியில மாட்டிருச்சு, கையை எடுடா!"

திரை அணைந்துவிட்டது.

அன்றைக்குக் கப்பலில் ரஃபி கம்பியோடு கடலுக்குள் இழுபட்டபோது பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர் கத்தியிருக்க வேண்டிய வார்த்தை அது. ஆறு மாதம் கழித்துக் கத்தினார்.

போனில் பதிவானதைப் போட்டுக் கேட்டாள். அவர் அலறுவது மட்டும் இருந்தது. வின்ச் சத்தம் இல்லை. படத்தின் கீழே ‘பதினேழாம் புள்ளி, பகல் 2:40, வின்ச்சில் ரஃபி’ என்று எழுதினாள். படம், கோப்பு, பதிவு மூன்றையும் நிறுவனத்துக்கும், கப்பலில் வந்த அத்தனை பேருக்கும் அனுப்பினாள். நிறுவனத்தார் மூடி மறைக்கப் பார்த்தார்கள். தினமும் போன் போட்டாள். நேரில் கூப்பிட்டு மிரட்டிப் பார்த்தார்கள். அவள் மசியவில்லை. கடைசியில் விசாரணை திரும்ப நடந்தது. அவள் வேறு பேராசிரியரிடம் மாறிக்கொண்டாள். படத்தில் பதினேழு இருக்கிறது.

கதை இதோடு முடிந்தால் உங்களைத் தூங்க விட்டிருப்பேன்.

படத்தை அனுப்பிய மறுநாளிலிருந்து அந்தக் கோப்பில் ஆழம் குறைய ஆரம்பித்தது. நாளுக்கு நூறு மீட்டர். இரண்டாயிரத்து எண்ணூறு. எழுநூறு. அறுநூறு... ஜூன் நடுவில் பூஜ்யம். கடலின் மேல்மட்டம். அதோடு நின்றுவிடும் என்றுதான் அவள் நினைத்தாள். மறுநாள் மைனஸ். ஆழத்தில் ஏது மைனஸ்? கடலைவிட்டு மேலே ஏறினால்தான் மைனஸ். மூன்று நாள் ஏறி, இருநூற்றுச் சொச்சத்தில் வந்து நின்றது. அந்த எண்ணை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று யோசித்தாள். திண்டுக்கல் ஜங்ஷனில் மஞ்சள் பலகை இருக்கிறதே, அதில் ஊர்ப்பெயருக்குக் கீழே கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்று எழுதியிருக்கும். அதே எண்.

அன்றைக்குத்தான் திருத்திய அறிக்கையும் வந்தது. ரஃபி பணியில் இருக்கும்போது இறந்தார் என்று. அதை எடுத்துக்கொண்டு ஸ்கூட்டரில் பேகம்பூருக்குப் பறந்தாள். போய்ச் சேரும்போது மணி மூன்று இருக்கும். ஆறேழு மாதமாகச் சாத்தியே கிடந்த கதவு திறந்திருந்தது. பக்ருன்னிசா வாசலில் நின்றார். பானுப்ரியா கடிதத்தை நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

"தெரியும்மா. அவனே வந்து சொன்னான். தொப்பலா நனஞ்சுபோயி வந்தான். தலையத் தொவட்டச் சொல்லித் துண்டு குடுத்தேன்."

முற்றத்துக் கொடியில் ஒரு துண்டு கிடந்தது. அதிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பானுப்ரியா கிட்டே போனாள். கையை நீட்டி ஒரு சொட்டை வாங்கி நாக்கில் வைத்தாள். உப்பு.

திண்டுக்கல் வெயிலில் ஒரு துண்டு காய எவ்வளவு நேரமாகும்? கால் மணி நேரம். இப்போது ஆவணி. போன ஞாயிற்றுக்கிழமை நாகஜோதி அந்த வீட்டுக்குப் போயிருந்தாள். துண்டு இன்னும் கொடியில்தான் கிடக்கிறது. கீழே வாளி வைத்திருக்கிறார்கள்.