மன்னார்புரத்துப் பலகையை இரண்டு முறை போட்ட அழகிரி மேஸ்திரிக்கு

தரை தாழ்ந்த இடமெல்லாம் தாமும் தாழ்ந்தமர்ந்து தாங்கித் தூக்கிய தகைமையாளரே! கையில் கடப்பாரையும் கண்ணில் கண்ணியமும் கொண்டவரே! தென்னூர் கட்டட மராமத்துக் குழுவின் மூத்த மேஸ்திரி அழகிரி அவர்களே, வணக்கம்!

தங்கள் பெருமையைத் தங்களிடமே சொன்னால் எழுந்து போய்விடுவீர்கள். ஆகையால் சபையோரிடம் சொல்கிறோம். தாங்கள் காதைப் பொத்திக்கொள்ளலாம்.

ஸ்ரீரங்கத்து வீட்டு வாசல்களிலும் திருச்சிக் கடை முகப்புகளிலும் இறங்கிப்போன சிமெண்டுப் பலகைகளை முப்பத்தொரு ஆண்டுகள் தூக்கி நிறுத்தியவர் இவர். எங்கே போனாலும் தரையைக் குதிகாலால் தட்டிப் பார்ப்பார். அடியில் பொள்ளலா கெட்டியா என்று சத்தத்திலேயே தெரிந்துவிடும். சொந்த மகளின் கல்யாணத்தில், தாலி கட்டும் நேரத்தில், மணவறை ஓரத்தைத் தட்டிக்கொண்டிருந்தார். சம்பந்தி வீட்டார் இன்னும் மறக்கவில்லை.

இந்த மன்னார்புரத்தில் வேலம்மாள் இட்லிக் கடை வாசலில் பலகை போட்டவரும் இவரே. இரண்டே ஆண்டில், 1958இல், அதன் ஒரு மூலை சாண் அளவு இறங்கிவிட்டது. "எச்சத் தண்ணிய ஊத்தி ஊத்தியே வாசலக் கெடுத்துட்ட, வெள்ளிக்கிழமைக்குள்ள காலி பண்ணு" என்றார் கட்டடச் சொந்தக்காரர் செல்லக்கண்ணு. அந்த அம்மாவுக்கு வேறு பிழைப்பு இல்லை. தண்ணீர்தான் காரணம் என்று மேஸ்திரி தலையசைத்தால் போதும், கடை போய்விடும்.

பலகையை நெம்பித் தூக்கினோம். கீழே பழைய குப்பைக்குழி, மட்கி உள்வாங்கிக் கிடந்தது. மேஸ்திரியின் முகம் வெளுத்துவிட்டது. உண்மையைச் சொல்லிவிடப் போகிறார் என்று புரிந்த எங்கள் குழுவின் காஜா மைதீன் அவர் துண்டைப் பிடித்து இழுத்தார். அவர் விடுவித்துக்கொண்டு போய்ச் செல்லக்கண்ணுவின் முன் நின்றார்.

"ஐயா, அந்தம்மா மேல தப்பில்லைங்க. குழியத் தோண்டிப் பாக்காம மேலாப்புல திமிசால இடிச்சுப் பலகை போட்டது நாந்தாங்க."

"அப்ப வேலம்மா இருக்கட்டுங்கிறீங்களா?"

"இருக்கட்டுங்க. வாசல நான் சரி பண்ணித் தர்றேன்."

மூன்று நாள், குழிக்குள் தாமே இறங்கிக் குப்பையை அள்ளினார். கொள்ளிடத்து மணலைக் கணுக்கால் உயரத்துக்குக் கொட்டி, நனைத்து, திமிசுக்கட்டையால் இடித்து, மறுபடி கொட்டி, குழி நிறைந்ததும் பலகையை மீண்டும் போட்டார். அடுத்த இரண்டு மாதம் எங்களை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. பிழைக்கத் தெரியாத மனிதர் என்று அவர் முதுகுக்குப் பின்னால் முணுமுணுத்தவர்கள் நாங்கள்தாம். அதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

மேஸ்திரி அவர்களே! இனிக் காதைத் திறக்கலாம். மூட்டு வலி அண்டாமல், பேரன் பேத்திகள் சூழ, நூறாண்டு நடமாடுங்கள். போகிற இடமெல்லாம் தட்டிப் பாருங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

இந்த விழாவுக்குப் பலகாரம் வேலம்மாள் கடையிலிருந்துதான். இந்த மடலை வாசிக்கும் எங்கள் அமிர்தராஜ் நிற்பதும் அதே பலகையின் மேல்தான். காலையில் பந்தல் போடும்போது நாங்கள் ஒவ்வொருவராகக் குதிகாலால் தட்டிப் பார்த்தோம்.

கெட்டியாக இருக்கிறது, மேஸ்திரி.

என்றும் தங்கள் கைக்கு அடங்கிய,
தென்னூர் கட்டட மராமத்துக் குழுவினர்
மன்னார்புரம், 1966